தேர் கிளம்பும் நேரத்தில்தான் டவர் திணறும்

பதுளையில் இருந்துகொண்டு நேரலை செய்கிறேன் என்று சொன்னால், கொழும்பிலுள்ள தொழில்காரர்கள் உடனே கெமராவைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எத்தனை கெமரா, என்ன லென்ஸ், ட்ரோன் இருக்கிறதா? யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்தவர் குறைவு. ஊவாத் தோட்டங்களில் இந்தத் தொழில் செய்கிறவன் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பெரிய கோயில் ஒன்றின் தேர் என்றால் டொரன்டோவிலும் லண்டனிலும் குடும்பமாக உட்கார்ந்து பெரிய டி.வி.யில் பார்ப்பார்கள். கதிர்காமத்துக்கு டி.வி.க்காரர்களே வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். பசறைப் பக்கமோ மடுல்சீமைப் பக்கமோ ஒரு தோட்டத்து டிவிசன் மாரியம்மனுக்கு நாங்கள்தான். அதைப் பார்ப்பவர்களும் வேறு ஆட்கள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன பிள்ளை பார்க்கும். புறக்கோட்டையில் கடையில் நிற்கிற பையன் பார்ப்பான். கட்டுநாயக்காவில் தையல் வேலைக்குப் போன பெண்கள் ஒரே அறையில் நாலைந்து பேராகப் பார்ப்பார்கள். அப்புறம் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துச் சொந்தங்கள். 1964 அக்டோபரில் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இங்கிருந்து தலைமன்னாருக்கு ரயிலேறி, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிப் போன குடும்பங்கள் அவை. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் அமைத்து அதில் குடியமர்த்தினார்கள். மலை மாறியது, கொழுந்து மாறவில்லை. அந்த வீடுகளில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் பேரப்பிள்ளையின் போனை வாங்கி எங்கள் நேரலையைப் பார்க்கிறார்கள்.

இவர்களில் பாதிப் பேரிடம் இருப்பது கீறல் விழுந்த போன், அளந்து போட்ட டேட்டா, வேலைக்கு நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கெமரா என்ற கேள்வி தானாகப் பின்னால் போய்விடும்.

நான் கலியாண வீடியோவிலிருந்து வந்தவன். வீ.எச்.எஸ். காலத்தில் சவூதிக்குப் போகிற யாராவது ஒருவரின் பெட்டியில் கசெட் போகும். அது போய்ச் சேர்வதற்குள் இங்கே அந்த ஜோடிக்குப் பிள்ளையே பிறந்திருக்கும். பிறகு சீ.டி. வந்தது, டீ.வீ.டி. வந்தது, பென்டிரைவ் வந்தது. 2013இல் நாட்டுக்கு 4ஜி வந்தது, ஆனால் எங்கள் மலைக்குள் அது ஏறிவர நாளெடுத்தது. 2016 ஏப்ரலில் பேஸ்புக் நேரலையை எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகுதான் எங்கள் பிழைப்பு மாறியது. கரகம் பாலிக்கிற இடத்தில் ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அதைத் துபாயில் அவன் அண்ணன் அதே நேரத்தில் பார்க்கிறான் என்றதும், கோயில் கமிட்டிக்காரர்கள் எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "போனில அவன் காட்டுனது ஆடுது தம்பி. நீங்க ஒழுங்கா ஒண்ணு செஞ்சு தாங்க" என்பார்கள்.

ஒழுங்காகச் செய்வது என்றால் என்ன என்பதை மலைதான் கற்றுக்கொடுத்தது.

போனில் வீடியோ பார்ப்பதும் வீடியோ அனுப்புவதும் ஒன்றல்ல. டவரிலிருந்து போனுக்கு வருகிற வழி அகலமானது. போனிலிருந்து டவருக்குப் போகிற வழி ஒற்றையடிப் பாதை, அதில் கொழுந்து மூட்டையோடு ஓர் ஆள்தான் போகலாம். நேரலை முழுவதும் அந்த ஒற்றையடிப் பாதையில்தான். ஆகவே, "இங்க நல்ல சிக்னல், யூடியூப் நல்லா ஓடுது" என்று தோட்டத்தில் யாராவது சொன்னால் நான் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வேன்.

எங்கள் கோயில்கள் பெரும்பாலும் ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் இருக்கும். தண்ணீர் இருக்கிற இடம் பார்த்து முன்னோர் கல்லை நட்டார்கள், டவர் வரும் என்று யாருக்குத் தெரியும்? நமுனுகலைச் சரிவில் ஒரு லயத்து வாசலில் மூன்று கோடு காட்டுகிற போன், முப்பது படி இறங்கிக் கோயிலுக்குப் போனால் ஒரு கோட்டுக்கு வந்துவிடும். குறுக்கே மலை முதுகு இருந்தால் அலை அதைத் துளைத்துக்கொண்டு வராது. பனிமூட்டம்தான் சிக்னலைக் கெடுக்கிறது என்று எல்லாத் தோட்டத்திலும் சொல்வார்கள். அது தப்பு. போன் அலைவரிசையைப் பனி ஒன்றும் செய்வதில்லை. நனைந்த சவுக்கும் கருப்பந்தைலமும் குறுக்கே நின்றால் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். பனி கெடுப்பது கெமராவை. தானாக போக்கஸ் பிடிக்கிற கெமரா, வெள்ளையைப் பார்த்துக்கொண்டு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும். ஹப்புத்தளைப் பக்கம் மாலை வேலை என்றால் போக்கஸைக் கையில் எடுத்துக்கொள்வதே நல்லது.

அதனால் திருவிழாவுக்கு முன்பே ஒருமுறை போய்விடுவோம். போகிற நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு மக்கள் மலையில் நிற்கும்போது அளந்தால் டவர் சும்மா இருக்கும், எல்லாம் நன்றாகத் தெரியும். தேர் எந்த நேரத்தில் கிளம்புமோ அந்த நேரத்தில் அளக்க வேண்டும். கோயிலைச் சுற்றி, லயத்துக் கூரை உயரம், மேட்டுப் பாதை, தேயிலை ஸ்டோர் முற்றம் என்று இடம் இடமாக நின்று, வேகமானியில் மேலே போகிற எண்ணை மட்டும் பார்ப்போம். ஒரு தடவை உச்சத்துக்குப் போன எண்ணை நம்பக் கூடாது. ஐந்து நிமிடத்தில் எவ்வளவு கீழே விழுந்தது என்பதுதான் கணக்கு. அந்த அடிமட்ட எண்ணில் பாதியைத்தான் நேரலைக்கு எடுப்பேன். மீதிப் பாதி திருவிழாக் கூட்டத்துக்கு.

இப்படி ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. தேர் கிளம்புகிற நேரம்தான் எல்லாரும் போனை எடுப்பார்கள். லீவு போட்டு ஊருக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் அங்கே நிற்கும். ஆளுக்கொரு நேரலை, ஆளுக்கொரு வீடியோ கோல். ஒரு டவரின் ஒரு பக்கத்துக்குள் அத்தனை பேரும் மேலே தள்ளினால் யாருக்கும் வழி இல்லாமல் போகும். காலையிலிருந்து வழுக்கிக்கொண்டு போன நேரலை, வடம் பிடித்த அந்த நிமிடத்தில் நிற்கும். "தம்பி, சாமி கிளம்புற நேரம் பாத்து வட்டம் சுத்துதுன்னு கொழும்புல இருந்து கோல் மேல கோல்" என்று கமிட்டித் தலைவர் வியர்வையோடு ஓடிவருவார். கெமராவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

தீர்க்கிற வழி இரண்டு. ஒன்று, வேறு வேறு கம்பனிகளின் சிம் இரண்டு மூன்றை ஒரு பெட்டிக்குள் போட்டு, வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லா வழியிலும் அனுப்பி, மறுமுனையில் சேர்த்துக்கொள்வது. ஒரு வழி அடைத்தால் மற்றது தூக்கும். ஆனால் இரண்டு கம்பனிக்கும் ஆன்டெனா ஒரே டவரில் இருக்கிற இடங்களில், மலை மறைத்தாலோ டவர் அணைந்தாலோ இரண்டு வழியும் சேர்ந்தே போகும். மற்றது, கூட்டத்தின் டவரையே விட்டு விலகுவது. மேட்டில், வேறு பள்ளத்தாக்கின் டவரைப் பார்க்கிற இடத்தில், திசை பார்த்து வைக்கிற ஆன்டெனாவோடு ரவுட்டரை வைத்து, அங்கிருந்து கோயிலுக்கு இணைப்பைக் கொண்டுவருவது. நெட்வேர்க் வயர் நூறு மீட்டருக்கு மேல் போகாது. அதற்கு மேல் என்றால் ஒன்றையொன்று நேராகப் பார்க்கிற இரண்டு சின்னத் தட்டுகள், தேயிலைச் சரிவின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தேயிலை இடுப்புயரம் என்பதால் குறுக்கே எதுவும் நிற்காது. இந்த வேலைக்கு மலைநாட்டை விட்டால் வேறு நல்ல இடமில்லை. சில தோட்டங்களில் ஸ்டோர் அலுவலகம் வரை பைபர் வந்திருக்கிறது. தோட்டத்துத் துரையிடம் அனுமதி கேட்டு, பெரிய கிளாக்கர் ஐயாவைப் பிடித்து, அந்த லைனில் ஓர் இடம் வாங்கிவிட்டால் அன்றைக்கு எனக்கும் திருவிழாதான்.

இனி எண்கள். 720பி படத்தை விநாடிக்கு 1,500 கிலோபிட்டில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 675 மெகாபைட் போகும். சத்தத்தையும் சேர்த்தால் முக்கால் ஜீபீக்குக் கிட்ட. 1080பி வேண்டும், 4கே வேண்டும் என்று கேட்கிற கமிட்டிகளும் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. மேலே நாம் எதை அனுப்பினாலும், யூடியூப் மாதிரித் தளங்கள் அதை 480, 360, 240, 144 என்று பல அளவில் மறுபடி செய்து வைக்கின்றன. குவைத்துப் பிள்ளையின் போன் அதன் டேட்டாவுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். நாம் அறுந்து அறுந்து அனுப்பிய 1080ஐ விட, அறாமல் அனுப்பிய 720 அந்தச் சின்னத் திரையில் பல மடங்கு நன்றாக இருக்கும்.

இதற்குள் இன்னொரு சங்கதி. வீடியோவைச் சுருக்குகிற மென்பொருள், முன் படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டுமே அனுப்பும். கர்ப்பக்கிரகத்துக்கு நேரே முக்காலியில் கெமரா நின்றால் மாறுவது தீபமும் ஐயரின் கையும்தான், 800 கிலோபிட்டே தாராளம். அதே கெமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு காவடிக்குள் நுழைந்தால் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் மாறும். மயிலிறகு, சலங்கை, விபூதிப் புகை, மேலிருந்து கொட்டுகிற பூ. அப்போது 1,500 போதாது, படம் கட்டம் கட்டமாக உடையும். மழைத்தூறலும் அப்படித்தான். ஆகவே நெருக்கடியான நேரத்தில் நாங்கள் செய்வது, கெமராவை நிறுத்திவிட்டுக் காவடியை உள்ளே வரவிடுவது. தீமிதிக்கும் அதே விதி. பூக்குழிக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் உயரத்தில், அசையாமல் ஒரு கெமரா. தணலின் வெளிச்சத்தை நம்பி விட்டால் மனிதர்கள் நிழலாகத் தெரிவார்கள், தணல் வெள்ளையாக வெந்துபோகும். குழிக்கு இரு பக்கமும் மங்கலான இரண்டு விளக்கு, கெமராவில் வெளிச்ச அளவைப் பூட்டிவிடுவது. இறங்குகிறவரின் முகம் தெரிய வேண்டும். இங்கிருந்து போன அவர் தங்கச்சி அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாசியில் காமன் கூத்து வரும்போது இந்தக் கணக்கெல்லாம் கவிழும். விடிய விடிய ஆட்டம், வட்டமாகச் சனம், ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்ல முடியாது, வெளிச்சம் என்றால் இரண்டு பல்பு. அதை நேரலையில் நல்லபடியாகக் காட்ட எனக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. பதிவு செய்து பிறகு போடுவதுதான் அதற்கு மரியாதை என்று நினைக்கிறேன். இளம் ஆட்கள் நேரலைதான் வேண்டும் என்கிறார்கள்.

படம் உடைந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். சத்தம் உடைந்தால் ஒரு நிமிடம்கூட இருக்காது. கோயிலில் மரத்துக்கு மரம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். கெமராவின் சொந்த மைக்கை நம்பினால் அந்தக் குழாயின் கீச்சொலிதான் கோத்தகிரி போய்ச் சேரும். ஸ்பீக்கர்செட்காரரிடம் போய் அவருடைய அம்ப்ளிபயரிலிருந்து ஒரு வயர் எடுக்க வேண்டும். அவர் இலேசில் கொடுக்க மாட்டார், அது அவர் இராச்சியம். முந்தின நாளே போய்த் தேத்தண்ணி குடித்துப் பழகிக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டரில் ஓடுகிற செட் என்றால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கூடவே வரும். அதைப் பிரித்துவிடுகிற சின்ன ட்ரான்ஸ்போமர் ஒன்று என் பையில் எப்போதும் உண்டு. விலையோ சொற்பம், ஆனால் என் கெமராவை விட அதைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். தப்பு மேளத்துக்கு மட்டும் தனி மைக், பத்தடி தள்ளி. கிட்டே வைத்தால் அடிக்கு அடி வெடிக்கும், தூர வைத்தால் குழாய் ஒலிபெருக்கிக்குள் கரைந்துபோகும்.

ஒலிபெருக்கியில் போடுகிற சினிமாப் பக்திப் பாட்டு இன்னொரு தலைவலி. தளங்களில் இருக்கிற காப்புரிமைப் பொறிக்கு அம்மன் பாட்டும் ஒன்றுதான், குத்துப்பாட்டும் ஒன்றுதான். அடையாளம் கண்டதும் அந்தப் பகுதியின் சத்தத்தை அடைக்கும், சில சமயம் நேரலையையே நிறுத்தும். பூசாரி அர்ச்சனைக்காகப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பாட்டு ஓடினால், அந்தப் பெயர்களும் சேர்ந்து ஊமையாகிவிடும். பணம் அனுப்பி அர்ச்சனைக்குச் சொல்லியிருந்த குடும்பத்துக்கு இதை எப்படி விளக்குவது? அதனால் இப்போது கமிட்டியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: பூசை நேரத்தில் பாட்டு வேண்டாம், நாதஸ்வரமும் தப்பும் போதும்.

மின்சாரம் பற்றி 2022க்கு முன், 2022க்குப் பின் என்று இரண்டாகப் பேச வேண்டும். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. பங்குனி, சித்திரை எங்கள் திருவிழாக் காலம். ஜெனரேட்டருக்கு டீசல் தேட வரிசையில் நிற்க வேண்டும். நம்மிடம் பற்றரி இருந்தும் பயனில்லாமல் டவரின் பற்றரி தீர்ந்து டவரே அணைந்துவிடும். ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களையே கொஞ்ச நேரம் முடக்கி வைத்தது. 2018 மார்ச்சிலும், 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும் முடக்கியதுதான். அந்தக் காலத்தில் கற்றது: ரவுட்டர், சிம் பெட்டி, கெமரா எல்லாவற்றையும் பன்னிரண்டு வோல்ட் பற்றரியில் நேராக ஓட்டப் பழகிக்கொள்ள வேண்டும். த்ரீவீல் பற்றரி ஒன்று போதும், மாலைப்பூசை முழுவதும் தாங்கும்.

கொரோனா நேரத்தில் வந்த வேலையைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்கள். அதற்குப் பிறகு எங்களைத் தேடி வந்ததில் பாதி சாவு வீடுகள். விமானமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. லயத்துக் காம்பராவில் அம்மாவைக் கிடத்தியிருக்கும், மகள் குவைத்தில். முதலில் நாங்கள் வழக்கம்போல நேரலை இணைப்பை அனுப்பப் பார்த்தோம். அதில் ஒரு சிக்கல் உண்டு. நேரலைத் தளங்கள் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்பும். 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த முறை அது, இன்றைக்கும் உலகம் பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது. பார்ப்பவரின் போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டத் தொடங்கும். அதனால்தான் அறாமல் ஓடுகிறது, அதனாலேயே பதினைந்து இருபது விநாடி பிந்துகிறது. தேருக்கு அது ஒன்றுமில்லை. சாவு வீட்டில் மகள் போனில் "அம்மா" என்று கூப்பிட்டு, அந்தச் சத்தம் இங்கே கேட்டு, இங்கே சின்னம்மா அழுதது அங்கே இருபது விநாடி கழித்துத் தெரிந்தால் அதைப்போலக் கொடுமை வேறில்லை. ஆகவே மகளுக்கு வட்ஸ்அப் வீடியோ கோல்தான். அதில் படம் மங்கும், உடையும், ஆனால் ஒரு விநாடிக்குள் போய்ச் சேரும். ஒரு போனைத் தலைமாட்டில், முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் கட்டிவைத்தோம். வாய்க்கரிசி போடும்போது மருமகன் ஒரு பிடி அரிசியை முதலில் அந்தப் போனுக்குக் காட்டி, "இது ஒன்னோடது" என்று சொல்லிவிட்டுப் போட்டார். மற்றச் சொந்தங்களுக்கு இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கிற நேரலை தனியாகப் போனது. சாவு வீட்டைப் பொதுவில் போடுவதில்லை என்பதை அன்றிலிருந்து கறாராக வைத்திருக்கிறோம். எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

அதே காலத்தில் பிள்ளைகளின் பாடமும் போனுக்குள் போனது. 2021இல் பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவவில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டுக்குள் நடந்து பாறையில் ஏறி உட்கார்ந்ததும், லுணுகலைப் பக்கம் மரத்தின் மேல் கட்டிய பரணில் பிள்ளைகள் படித்ததும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் வரை போனது. உலகம் ஆச்சரியப்பட்டது. நாங்கள் ஆச்சரியப்படவில்லை. எந்தப் பாறையில் எத்தனை கோடு வரும் என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அந்தப் பாறைகளில்தான் எங்கள் ரவுட்டரும் நிற்கும்.

இவ்வளவு பாடுபட்டு நேரலை போகிறதே, அந்த நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்? உண்மையைச் சொன்னால், கொஞ்சப் பேர்தான். இங்கே தேர் மாலை ஆறு மணிக்கு என்றால் குவைத்தில் மூன்றரை மணி, வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு அது போன் எடுக்கிற நேரமில்லை. புறக்கோட்டைப் பையனுக்குக் கடை. எண்ணிக்கை ஏறுவது இரவு பத்துக்குப் பிறகு. இரவு டேட்டா பெக்கேஜ் வைத்திருப்பவர்கள் நள்ளிரவு தாண்டிப் பார்ப்பார்கள். கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார்கள். நேரலை என்பது கமிட்டிக்குப் பெருமை, பதிவுதான் பார்க்கிறவர்களுக்குச் சொந்தம் என்பது என் தீர்மானம். இதைக் கமிட்டிகளிடம் சொன்னால் முகம் சுருங்கும். ஏனென்றால் உபயக்காரர்களும் நேரலைக்குத்தான் பணம் தருகிறார்கள். பூ உபயம், அன்னதான உபயம் போல இப்போது 'நேரலை உபயம்' என்று நோட்டீசிலேயே அச்சடிக்கிறார்கள். பதிவு உபயம் என்று ஒருவரும் போட்டதில்லை.

ஆகவே அந்த வேலையை நாங்களாகவே செய்கிறோம். திருவிழா முடிந்த இரவு, ஐந்து மணி நேரப் பதிவில் எங்கே கரகம், எங்கே பால்குடம், எங்கே தேர், எங்கே அர்ச்சனை என்று நேரத்தைக் குறித்துப் பதிவின் கீழே போடுவோம். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிறவளை ஐந்து மணி நேரத்துக்குள் தேடவிடக் கூடாது. பிறகு சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வட்ஸ்அப்புக்கு. பதினாறு மெகாபைட்டுக்குள் நிற்கும்படி வெட்டினால் எந்தப் பழைய போனிலும் ஏறும், கைமாறிக் கைமாறிப் போகும். எங்கள் பக்கத்தில் உண்மையான ஒளிபரப்பு நிலையம் வட்ஸ்அப் குரூப்தான்.

நீலகிரிச் சொந்தங்கள் கேட்பது வேறு. ஒரு தடவை அம்மன் வீதியுலா போய்க்கொண்டிருக்கும்போது கீழே ஒரு செய்தி வந்தது: "சாமிய அப்புறம் பாத்துக்கிறோம் தம்பி, பீலிக்கரையைக் கொஞ்சம் காட்டுங்க." கெமராப் பையனைப் பீலிக்கு அனுப்பினேன். பாறையிலிருந்து ஒரு பாதிக் குழாய், அதில் விழுகிற தண்ணீர், கீழே துவைக்கிற கல், கல்லின் நடுவில் பல தலைமுறை துவைத்துத் தேய்ந்த குழி. பத்து நிமிடம் அதையே காட்டினோம். எந்தத் தேருக்கும் அத்தனை செய்திகள் வந்ததில்லை. "மூணாம் லயம் கடைசிக் காம்பரா", "பிரட்டுக் களம்", "பிள்ளைக் காம்பரா வாசல்ல இருந்த பலாமரம்" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சிலது இருந்தது, பலது இல்லை. அன்றிலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் விடிந்ததும் ஒருவன் தனியாகப் போய் லயம், பீலி, காலையில் பேர் போடுகிற பிரட்டுக் களம், மயானம் எல்லாவற்றையும் மெதுவாகப் படம்பிடித்து வருவான். அதற்கு யாரும் பணம் தருவதில்லை.

மலையில் இருப்பது அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாத இடம் இது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களோடு மனிதர்களும் போனார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடியும் சரிவுகளில் சிக்கியது. அந்த நாட்களில் எங்களிடம் வெளிநாட்டிலிருந்து யாரும் திருவிழா கேட்கவில்லை. "எங்க லயம் நிக்குதா" என்றுதான் கேட்டார்கள். பழைய பதிவை எடுத்து, இந்த இடம்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தப் பழைய பதிவு எங்கே இருக்கிறது என்பதில்தான் இப்போது ஆபத்து. 2025 பெப்ரவரி 19ஆம் திகதியிலிருந்து பேஸ்புக்கில் போகிற நேரலைகள் முப்பது நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழியும். இது தெரியாத கமிட்டிகள் இன்னும் நிறைய. "பேஸ்புக்கில கெடக்கு" என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். யூடியூபில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்த நேரலை தானாகப் பதிவாக நிற்கும். ஆனால் ஒரு காப்புரிமைப் புகார், மறந்துபோன ஒரு கடவுச்சொல் போதும், அதுவும் போய்விடும். சனலைத் திறந்த பையன் கட்டாருக்குப் போய் நம்பரை மாற்றியதோடு பல ஆண்டுத் திருவிழாக்களுக்குள் யாராலும் நுழைய முடியாமல் போன தோட்டம் ஒன்றை எனக்குத் தெரியும்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்த பிறகு, இனி உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்கிறார்கள். டவரை நம்பாமல் இருக்கலாம் என்பது பெரிய விடுதலைதான். ஆனால் அதற்கு வானம் திறந்து தெரிய வேண்டும். எங்கள் கோயில்களுக்கு மேலே அரசமரம், பக்கத்தில் மலை. கனமழையில் அதன் அலை தடுமாறும், மின்சாரமும் ரவுட்டரை விடக் கூடுதலாகக் குடிக்கும். மேட்டில் தட்டை வைத்துக் கீழே இணைப்பைக் கொண்டுவருகிற பழைய வேலை அப்படியே இருக்கிறது. விலையும் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குக் கொஞ்சம் கனம்தான்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற திகதி குறித்ததும், நோட்டீஸ் அடிக்க முன்பே எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், தேர் நேரத்தில் வந்து அளந்து பார்க்க வேண்டும். ஸ்பீக்கர்செட்டோடு சேராத தனி பிளக் ஒன்று தாருங்கள். உபயப் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றைக் கோயில் அலுமாரியிலும் மற்றதைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் வையுங்கள். மேலே டிவிசன் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள்.